தாலாட்டில் தொடங்கிய விடுதலைப் பாடல்

பொருள் விளங்காத பாடலொன்றைக் கேட்டு உள்ளம் உருகுவது எங்ஙனம்? செவிக்குப் பழக்கமில்லாத மொழி. அதில் ஒரு சொல்லேனும் நாம் முறையாகக் கற்றதில்லை. ஆயினும் கேட்கும்போதே கண்கள் பனிக்கின்றன. இசையின் இனிமையே காரணம் என்று கூறி அமைந்துவிடலாம். ஆனால் அவ்விடை நமக்கு நிறைவு தரவில்லை. சென்ற தவக்காலத்தில் நாம் கண்டதையும் கேட்டதையும், அவை நம் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களையும் இத்திங்கள் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நம் பங்கின் மறைக்கல்வி மாணவர்க்கென ஒரு ஞாயிறு மாலையில் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பங்கு மண்டபத்தில் காட்டினர். 1998-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த படம் அது. நடிகர்க்குப் பதிலாக ஓவியங்களே அசைந்து நடிக்கும் அப்படம் மோசேயின் வரலாற்றைச் சொல்கிறது. பாடல்களை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இயற்றினார். பின்னணி இசையை ஹான்ஸ் ஸிம்மர் அமைத்தார். அதில் வரும் 'வென் யூ பிலீவ்' என்னும் பாடல் 1999-இல் ஆஸ்கார் விருது பெற்றது. விட்னி ஹூஸ்டனும் மரியா கேரியும் இணைந்து பாடி இசைத்தட்டாக வெளியிட்ட வடிவத்தை இளைஞர் பலர் கேட்டிருக்கக்கூடும். ஆனால் அவ்வடிவத்தில் இல்லாத ஒரு பகுதி படத்தில் உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

எகிப்தின் தலைப்பேறுகள் மாண்ட இரவு முடிந்துவிட்டது. பார்வோன் அடிமைகளைப் போகவிடுகிறான். உடன்பிறந்தானைப்போல் தன்னோடு வளர்ந்த அவனுடைய துயரைக் கண்ட மோசே வெளியே வந்து அழுகிறார். இத்தகைய வேளையில் வெற்றி முழக்கம் எழுவது பொருந்துமோ? பொருந்தாது என்பதைப் படமெடுத்தோர் நன்கு உணர்ந்திருக்கின்றனர். ஆகவே மோசேயின் அக்காள் மிரியாம் தாழ்ந்த குரலில், ஏறத்தாழத் தனக்குத் தானே பேசிக்கொள்வதைப்போல் பாடத் தொடங்குகிறாள். மோசேயின் மனைவி சிப்போராவின் குரலும் அதனோடு சேர்கிறது. மக்கள் ஒருவர்பின் ஒருவராகக் குடிசைகளைவிட்டு வெளியே வருகின்றனர். முதியோர், பிள்ளைகளை ஏந்திய தாய்மார், ஆடுமாடுகள், வண்டிகள் என யாவும் வழியில் திரள்கின்றன. உண்மையாகவே விடுதலை கிடைத்துவிட்டதா என்னும் ஐயம் அவர்கள் முகங்களில் தெரிகிறது.

அப்போதுதான் ஆங்கிலம் ஓய்கிறது. சிறுவர் குரல்கள் எபிரேய மொழியில் பாடத் தொடங்குகின்றன. முதலில் மெல்ல எழும் பாட்டு, படிப்படியாக விரைந்து, பெருங்கூட்டத்தின் பாட்டாக மாறுகிறது. அதுவரை அப்படத்தின் மாந்தர் அனைவரும், எகிப்தியரும் எபிரேயரும் ஒன்றுபோல் ஆங்கிலமே பேசிவந்தனர். படம் பார்ப்போர் அதனை ஒரு வசதிக்கென ஏற்றுக்கொண்டிருந்தனர். அந்நொடியிலோ அடிமைகளுக்குத் தங்கள் சொந்த நாவு திரும்பக் கிடைத்துவிடுகிறது. மண்டபத்தில் அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த நம் சிறுவர்கூட அமைதியாயினர்.

அவ்வெபிரேய அடிகள் திரைப்படத்திற்கெனப் புனையப்பட்டவையல்ல. விடுதலைப் பயண நூலின், அதாவது நம் மூத்தோர் யாத்திராகமம் என்று வாசித்த நூலின், பதினைந்தாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை அவை. ஆண்டவரின் வெற்றியைப் பாடத் தொடங்கி, அவர்க்கு நிகராவார் எவருமிலர் என வியந்து, தாம் மீட்ட மக்களை அவர் பரிவோடு வழிநடத்துவதை நினைந்து போற்றும் அடிகள். விவிலியத்தில் காணப்படும் செய்யுள்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக அறிஞர் பலர் இப்பாடலைக் கருதுகின்றனர். யூத மக்கள் தம் காலைச் செபத்தில் நாள்தோறும் இதனைச் சொல்கின்றனர். நாமோ பாஸ்கா திருவிழிப்பில், செங்கடல் கடந்த வரலாறு வாசிக்கப்பட்டவுடன், பதிலுரைப் பாடலாக இதனையே பாடுகிறோம். அவ்விரவின் வாசகங்களைக் குறைக்க நேரினும் அவ்வாசகத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடலாகாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆக, திரையிலே அச்சிறுவர் பாடியது நமக்கு அயலார் பாட்டன்று.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். மறைநூலில் இப்பாடல் கடலைக் கடந்த பின்னரே எழுகிறது. படத்திலோ மக்கள் எகிப்தைவிட்டுப் புறப்படும்போதே பாடிவிடுகின்றனர். முன்னே கடல் மறிக்கும் என்பதையோ, பின்னே பார்வோனின் தேர்ப்படை துரத்தும் என்பதையோ அவர்கள் இன்னும் அறியார். அப்படியாயின், கடக்கும் முன்னரே கடந்தவர்களின் பாட்டு அச்சிறுவர்க்கு எங்கிருந்து கிடைத்தது? இவ்வினாவோடு படத்தின் தொடக்கத்திற்குத் திரும்பிச் சென்றோம். விடை அங்கே இருந்தது.

படம் தொடங்கும்போது ஒரு தாயைக் காண்கிறோம். மோசேயின் தாய் யோக்கபேது அவள். ஆண் குழந்தைகளைத் தேடிக் கொல்லும் வீரர்களுக்கு அஞ்சி, தன் மகவை மார்போடு அணைத்துக்கொண்டு நைல் ஆற்றை நோக்கி விரைகிறாள். நல்ல பிள்ளையே, இளம் பிள்ளையே, அஞ்சாதே என்னும் கருத்துப்பட எபிரேயத்தில் சில சொற்களை அதன் செவியில் பாடுகிறாள். பின்பு ஒரு தாலாட்டைப் பாடிக் கூடையை நீரில் விடுகிறாள். ஊரறியப் பாட இயலாத காலம் அது. ஆகவே அவள் பாட்டு முணுமுணுப்பாகவே இருக்கிறது.

அத்தாய்க்குக் குரல் கொடுத்தவர் இஸ்ரயேல் நாட்டின் புகழ்பெற்ற பாடகி ஓஃப்ரா ஹாசா. 1957-இல் டெல் அவிவ் நகரின் எளியோர் பகுதியொன்றில், ஏமன் நாட்டிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர்க்கு ஒன்பது பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தம் முன்னோரின் பழம்பாடல்களைப் புதிய இசையமைப்போடு பாடி 1984-இல் அவர் வெளியிட்ட 'ஏமனியப் பாடல்கள்' என்னும் இசைத்தட்டு, 17-ஆம் நூற்றாண்டில் ஏமனில் வாழ்ந்த ஷாலோம் ஷபாஸி என்னும் யூதக் கவிஞரின் செய்யுளை உலகெங்கும் கொண்டுசென்றது. தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் எபிரேய ஒலிகளைப் பழைய முறைப்படி காத்துவந்தோர் ஏமனிய யூதர். அந்த மரபே அவர் குரலில் ஒலிக்கிறது. இப்படத்திற்கென ஆங்கிலம், எபிரேயம் முதலாக 17-க்குக் குறையாத மொழிகளில் அத்தாயின் பாடலை அவரே பாடினார். படம் வெளிவந்து பதினைந்து திங்களுக்குள், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், தம் 42-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தன் பிள்ளை பாடுவதைக் கேட்க வாய்ப்பற்றுப் பிரியும் தாய்க்கு உயிரூட்டிய அக்குரல், அத்துணை விரைவில் ஓய்ந்துபோனதை எண்ணும்போது அத்தாலாட்டு இன்னும் கனக்கிறது.

அத்தாலாட்டு ஆற்றோடு போய்விட்டதா? இல்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், அரண்மனையில் இளவரசனாய் வளர்ந்துவிட்ட மோசேயை மிரியாம் எதிர்ப்படுகிறாள். நீ எங்கள் சகோதரன் என்று சொல்கிறாள். அவர் சினந்து மறுக்கிறார். சான்றுகளும் விளக்கங்களும் பயன்படவில்லை. வேறு வழியின்றி, தாய் பாடிய அத்தாலாட்டை அவள் பாடுகிறாள். அப்போது மோசேயின் முகம் மாறுகிறது. அவள் சொன்னவற்றை மறுத்த அவரால் அவ்விசையை மறுக்க முடியவில்லை.

இக்காட்சி திரைக்கதையாளர் சேர்த்ததே. ஆயினும் மறைநூலின் உட்கருத்துக்கு அது மாறானதன்று. பார்வோனின் மகள் குழந்தையைக் கண்டெடுத்தபோது, பாலூட்ட எபிரேயச் செவிலி ஒருத்தியை அழைத்துவரவா எனக் கேட்டவள் குழந்தையின் அக்காள் அன்றோ? பெற்ற தாயே கூலிக்குச் செவிலியாக வந்து தன் மகனுக்குப் பாலூட்டினாள் என விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. பாலோடு அவள் தன் மொழியையும் செபத்தையும் ஊட்டாமலா இருந்திருப்பாள்?

ஆகவே படத்தில் எபிரேயம் ஒலிக்கும் இவ்விரு இடங்களையும் இணைத்துப் பார்த்தோம். தொடக்கத்தில் ஒரு தாய் அஞ்சி அஞ்சிக் குழந்தையின் செவியில் முணுமுணுக்கிறாள். இறுதியில் குழந்தைகள் அஞ்சாமல் பகலொளியில் உரக்கப் பாடுகின்றனர். பாட்டு அச்சிறுவர்க்கு எங்கிருந்து கிடைத்தது என்னும் வினாவுக்கு இதுவே விடை. நானூறு ஆண்டு அடிமைத்தனத்திலும் குடிசைக்குள்ளே விளக்கணைத்தபின் தாய்மார் சொல்லிக்கொடுத்ததுதான் அன்று வீதிக்கு வந்தது. பொருள் அறியாத நம் உள்ளத்தையும் அது அசைப்பதன் காரணம் இதுவென்றே நாம் எண்ணுகிறோம்.

படம் முடிந்து யாவரும் கலைந்தபின், பேரப்பிள்ளையைக் கூட்டிச்செல்ல வந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். அது என்ன மொழி என்று நம்மைக் கேட்டார். எபிரேயம் என்றோம். நம் ஆண்டவர் பேசிய மொழியா என்றார். ஆண்டவர் இல்லத்திலும் தெருவிலும் பேசியது அரமேயம் என்றும், ஆயினும் தொழுகைக்கூடத்தில் அவர் வாசித்த மறைநூல் எபிரேயத்தில் இருந்தது என்றும் விளக்கினோம். அன்னை மரியாளின் பெயரும் மிரியாம் என்னும் அவ்வெபிரேயப் பெயரே என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

பின்பு அவர் தம் துயரைச் சொன்னார். மூத்த மகன் கடல் கடந்த நாட்டில் குடியேறிவிட்டார். அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பாட்டிக்காகக் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தங்கள் மொழியில் சொல்வார்களாம். அது அவருக்கு விளங்காது. ஆனால் முடியும் இடம் மட்டும் தெரியும். 'ஆமென்' என்று அவர்கள் சொல்லும்போது தாமும் சேர்ந்து 'ஆமென்' என்பாராம். "அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்குப் பொது" என்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வொரு வார்த்தையும் எபிரேயமே என்பதை அவர்க்கு எடுத்துச் சொன்னோம். 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்புக்கு உட்படாமல் கிரேக்கத்தையும் இலத்தீனையும் கடந்து நம் நாவுக்கு வந்து சேர்ந்தவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிகளுக்கு இடமளித்து ஏட்டை வெளியிட்டது 1963-இல். அதன்பின் திருப்பலி முழுவதும் தமிழாகிய போதும் இச்சொற்கள் மாறவில்லை. அடிமைக் குடிசையிலிருந்து புறப்பட்ட ஒரு மக்களின் மொழி, பாட்டியின் நாவிலும் பேரப்பிள்ளையின் நாவிலும் ஒரே சொல்லாய் நிற்பதைக் கேட்டு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்புக்குரிய பெற்றோரே, அந்த அம்மையாரின் ஆறுதலில் நம் அனைவர்க்கும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே ஒரு சொல்லாவது பொதுவாக எஞ்சியிருக்கிறதே என்பது அவர் மகிழ்ச்சி. ஆனால் நம் இல்லங்களில் எத்தனைச் சொற்கள் எஞ்சப்போகின்றன? பிள்ளைகள் நல்ல பள்ளியில் பயில வேண்டும், உயர்ந்த வேலை பெற வேண்டும் என்று ஓயாது உழைக்கிறோம்; அது தவறன்று. மோசேயும் அரண்மனையில் வளர்ந்தவரே. ஆயினும் அரண்மனையால் கொடுக்க இயலாத ஒன்றைக் கூடையில் விடுமுன் அவர் தாய் கொடுத்துவிட்டாள். அதற்கு அவளிடம் மிகச் சிறிது நேரமே இருந்தது.

இரவில் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, நம் தாய் நமக்குச் சொன்ன சிறு செபத்தை அதன் செவியில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அது விளங்கவில்லையே, விளையாட்டாய்ச் சிரிக்கிறதே என்று சோர்வடைய வேண்டாம். அச்செபம் அதற்கு எப்போது தேவைப்படும் என்பதை நாம் அறியோம். எந்தக் கடற்கரையில், எந்தப் படை துரத்தும் வேளையில் அது நினைவுக்கு வரும் என்பதையும் அறியோம். நாம் அருகில் இல்லாமலும் போகலாம். யோக்கபேது இருந்து கேட்டாள் என மறைநூலும் கூறவில்லை.

வரும் பாஸ்கா இரவில், செங்கடல் வாசகம் முடிந்து பதிலுரைப் பாடல் எழும்போது, நம் பிள்ளைகளை அருகே நிறுத்தி உரக்கப் பாடச் செய்வோம். அதற்கு முன், இன்றிரவே, தாழ்ந்த குரலில் தொடங்குவோம்.