பந்திக்கு முந்துகிறவர்கள்

கவிதை எழுதும் நண்பர் ஒருவர், நல்ல கவிதைகளும் சில எழுதியிருப்பவர், சென்ற மாதம் என்னிடம் சொன்னார்: "நம் விமான நிலையங்களில் ஒருவழியாகத் தமிழ் முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கோலம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. இதையும் நீங்கள் குறை சொல்வீர்கள்." ஆமாம், குறை சொல்லத்தான் போகிறேன். நண்பரின் சந்தோஷம் அவருடைய சொந்த சந்தோஷம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் நம்முடைய மத்தியதர ரசனை முழுவதும் இன்று அந்தச் சந்தோஷத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

சென்னையில் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய முனையம் கோலத்தையும் சேலையையும் கோயிலையும் முன்மாதிரியாகக் கொண்டது என்றார்கள். 2024 ஜனவரியில் திறந்துவைத்த திருச்சி முனையத்தில் ஸ்ரீரங்கமும் கோபுரமும் வண்ணங்களும். இவற்றுக்கு முன்னோடி மும்பை. 2014இல் அங்கே இரண்டாம் முனையத்தின் நீண்ட சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான கோயில் மரச்சிற்பங்களையும் நாட்டார் கலைப்பொருட்களையும் பதித்து 'ஜெய ஹே' என்று பெயர் வைத்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடுகிறவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டிய மரபு.

கோலம் என்பது என்ன? விடியலில் ஒரு பெண்ணின் விரல் இடுக்கிலிருந்து விழுகிற மாவு. மதியத்துக்குள் எறும்பு தின்றுவிடும், கால்கள் அழித்துவிடும். மறுநாள் மறுபடியும் போட வேண்டும். அழிவதும் திரும்ப வருவதும்தான் அதன் உயிர். அதை இயந்திரத்தில் வெட்டிப் பளபளப்பேற்றிக் கூரையில் ஒட்டியபின் அது கோலம் இல்லை; கோலம் என்று ஒன்று இருந்ததற்கான இறப்புச் சான்றிதழ். கலை நம்மைத் தொந்தரவு செய்யும். ஜோடனை நம்மைத் தடவிக்கொடுக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு கவிஞருக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னை போய்விட்டு மதுரைக்குத் திரும்புகிற மாலை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். என் பர்ஸில் இருந்த அட்டையைத் தேய்த்து அடையாளத்துக்கு 2 ரூபாய் எடுத்துக்கொண்டு, புதுப்பித்துத் திறந்திருந்த ஓர் ஓய்வறைக்குள் என்னை விட்டார்கள். மங்கலான மஞ்சள் வெளிச்சம், காலடி ஓசையை விழுங்கும் கம்பளம், விரல் அகலத்தில் மெதுவடை. சுவரில் தஞ்சாவூர்ப் படங்களின் அச்சுப் பிரதிகள். மூலையில் திமிலை நிமிர்த்திய ஒரு காளை, பித்தளை நிறத்தில். எதன் அடியிலும் செய்தவர் பெயர் இல்லை. நான் இரண்டு முறை தட்டை நிரப்பிக்கொண்டேன் என்பதையும் நாற்காலி சுகமாக இருந்தது என்பதையும் மறைப்பது அயோக்கியத்தனம்.

"தட்டை எடுத்துக்கவா சார்?" என்று கேட்ட பெண்ணின் பேச்சில் நம் பக்கத்து வாடை. விசாரித்தேன். திருமங்கலம் பக்கம். நான் மதுரை என்றதும் 'சார்' போய் 'அண்ணே' வந்தது. "உங்களுக்கும் சாப்பாடு இங்கேதானாம்மா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, நாங்க கீழ போய்த்தான் சாப்பிடணும்" என்றாள். அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வடையைக் கசக்க வைத்தது.

விமான நிறுவன ஓய்வறையின் பூர்வீகம் 1939இல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்'. அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். இங்கே ஏர் இந்தியாவுக்கு 1946இல் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் ஒரு மகாராஜாவைப் பண்ணிக்கொடுத்தார்கள். 1971இல் நிஜ மகாராஜாக்களின் மானியத்தை அரசாங்கம் நிறுத்திவிட்டது. தலைப்பாகை மகாராஜா மட்டும் குனிந்து கும்பிட்டபடி பிழைத்துக்கொண்டார். ஓய்வறைக்கும் அவர் பெயரை வைத்தார்கள். ராஜாவே கும்பிடுகிறான் என்றால், கும்பிடப்படுகிறவன் யார்? இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற கிளுகிளுப்புதான் அங்கே பரிமாறப்படும் முதல் பதார்த்தம். சாங்கியின் மூன்றாம் முனையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஓய்வறைகளைப் புதுப்பித்து 2022இல் முடித்தபோது ஆன செலவு 5 கோடி வெள்ளி. அதே சாங்கியில்தான் நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பையன்கள் தலைக்கடியில் பையை வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

உடனே ஒரு கோஷ்டி, "பார்த்தீர்களா, நம் முன்னோர் சத்திரம் கட்டினார்கள்" என்று கிளம்பும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் பெயர் சொல்லிக்கொண்டு நிற்கிறது. வழிப்போக்கனுக்குக் கூரை தருவது ஆட்சியின் கடமை என்று நினைத்த ஒரு காலம் இருந்தது வாஸ்தவம். ஆனால் சத்திரத்துப் பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், இதராளுக்கு ஓர் இடம் என்ற பலகை, பெரியார் இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் இறங்கியது. எனவே சத்திரத்தைக் காட்டி ஓய்வறையைத் திட்டுவது எனக்குச் சாத்தியமில்லை. ஓய்வறை சத்திரத்துக்கு எதிரி அல்ல, வாரிசு. பந்தி அதே பந்தி. இலைக்குப் பதில் பீங்கான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பலகை வெட்கமில்லாமல் வெளியே தொங்கியது. படித்தவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால் அது இறங்கியது. இன்றைய பலகை அட்டைக்குள் இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் அனுமதி என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன. இயந்திரம் மறுத்தால் மனிதன் யார்மீதும் கோபப்படுவதில்லை. தான் போதாதவன் என்று கூசித் திரும்பிப் போகிறான். இந்தக் கூச்சத்தைத் தயாரிக்கிற இடத்தில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். விமானத்தையே அண்ணாந்து மட்டும் பார்த்திருக்கிற வாடிக்கையாளரிடம், "ஓய்வறை இலவசம் சார்" என்று சொல்லி அட்டை விற்றிருக்கிறேன். எங்களுக்கு மாத இலக்கு உண்டு. ஆக, இதை வெளியே நின்று கல் எறிகிறவனின் கட்டுரையாக யாரும் வாசிக்க வேண்டாம்.

'முதலாளித்துவம்' என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சுகமான நாற்காலி பாவமல்ல. எல்லோருக்கும் ஒரு நாற்காலி என்பது பெரிய கனவும் அல்ல. நான் சொல்வது அங்கே சொல்லப்படுகிற பொய்யைப் பற்றி. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். காத்திருப்பதை ஒரு முழு அனுபவமாக, ஒரு திணையாகவே வகுத்த மொழி இது. காத்திருக்கிறவன் பார்க்கிறான், கேட்கிறான், பக்கத்தில் இருப்பவனை அறிகிறான். ஓய்வறையோ 'நீ காத்திருக்கவில்லை' என்று சொல்கிறது. பொய். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே இரண்டு மணி நேரம்தான். உள்ளே இருக்கிறவனுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் வடையும் காளையும்.

அந்தப் பித்தளைக் காளையின் அசல் பொங்கலன்று அவனியாபுரத்தில் துள்ளும். அங்கிருந்து மதுரை விமான நிலையம் கூப்பிடு தூரம். ஓடுதளத்தை நீட்டுவதற்காகச் சின்ன உடைப்பு என்ற ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று இடமும் மறுவாழ்வும் தராமல் வெளியேறமாட்டோம் என்று 2024 நவம்பரில் ஊரே திரண்டு உட்கார்ந்தது. விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிற்று. அவர்களும் காத்திருந்தவர்கள்தான். அவர்கள் வாசலில் போட்ட கோலத்தை எந்தக் கட்டடக் கலைஞரும் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

கூரையில் கோலத்தைக் கண்டு குளிர்ந்துபோன நண்பரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பந்திக்கு முந்துவது எல்லோரும் செய்கிற காரியம், நானும் செய்தேன். எழுதுகிறவன் அங்கே சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு நன்றியாகக் கவிதை எழுதித்தர வேண்டாம்.