முகமும் கத்தியும்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்த்த காதும் அதில் ஊசலாடிய தண்டட்டியும் பெண்டிர்க்கு அழகெனப் போற்றப்பட்ட காலம் ஒன்றுண்டு. நாகரிகம் மாறியதும், தொங்கிய காதை நாணி, அறுத்துத் தைத்துக்கொண்டோரும் பலர். அழகின் அளவுகோல் நிலையற்றது என்பதற்கு இதுவே சான்று.

இன்று அவ்வளவுகோல் முகத்தின்மேல் வைக்கப்படுகிறது. ஸ்கேன் எடுத்து, கணினியில் வடிவமைத்து, தாடைக்கும் கன்னத்திற்கும் அளவாகச் செய்த செயற்கை உள்வைப்புகளும், தளர்ந்த தோலை இழுத்துத் தைக்கும் அறுவையும் பெருநகரங்களில் விலைக்குக் கிடைக்கின்றன. இழுத்த தோல் மீண்டும் தளரும். முகநரம்பு ஊறுபட்டால் புன்னகையே கோணும். இவற்றை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை.

மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்தியிருந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆடவர்க்குப் பொன்னணி விலக்கப்பட்ட மார்க்கத்தில், பழுது நீக்கப் பொன்னுக்கும் இசைவு கிடைத்தது. அமில வீச்சுக்கு ஆளானோர்க்கு முகச்சீரமைப்பு உள்ளிட்ட முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாக அளிக்க வேண்டுமென 2015இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டதும் இவ்வறத்தின் வழிப்பட்டதே.

சிதைந்த முகத்தைச் சீராக்குதல் கடமை. நலமான முகத்தைச் சந்தையின் விருப்பிற்கேற்பச் செதுக்குதல் அன்று. இவ்வேறுபாட்டை மாணவச் செல்வங்கள் உணர வேண்டுமென விழைகின்றோம்.