தென்னை ஓலை கறுத்தா உடனே மருந்து அடிக்கலாமா? நெல்லை, தென்காசி விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

தோப்புக்குள் போனால் கீழ் மட்டை எல்லாம் கரி பூசின மாதிரி இருக்கும். ஊடுபயிராகப் போட்ட வாழை இலையிலும் அதே கறுப்பு. ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் தென்காசி மாவட்டத்திலும் தென்னை வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன காட்சி.

'என்ன மருந்து அடிக்கலாம்?' என்பதுதான் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மரத்துக்கு வந்திருப்பது என்ன? நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வரவே 5 முதல் 7 வருடம் ஆகும். நோயைத் தப்பாகக் கணித்து மரத்தை வெட்டினால் போவது அத்தனை வருட உழைப்பு. தப்பான மருந்தை அடித்தால் பூச்சி குறையாது, கூடும்.

கறுப்பாக இருப்பது என்ன?

அந்தக் கறுப்பு தனி நோய் இல்லை. அதற்குக் காரணம் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிடுவதால் இந்தப் பெயர். சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. இந்தியாவில் முதலில் பதிவானது 2016-ல், நம்ம பொள்ளாச்சியில்.

குஞ்சுகளும் ஈக்களும் ஓலையின் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற பிசுபிசுப்பான திரவத்தை வெளியேற்றும். அது கீழ் ஓலையிலும் ஊடுபயிரிலும் விழும். அதன் மேல் வளர்வதுதான் கரும்பூசணம். வெயில் படாமல் இலை மூடப்படுவதால் மரம் உணவு தயாரிப்பது குறையும். வாழை, கொய்யா, சப்போட்டாவிலும் இந்த ஈ உட்காரும். பாளையங்கோட்டையில் வீட்டுக்கு ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வரலாம்.

ஒரு ஆறுதல்: இந்த ஈயால் மட்டும் வளர்ந்த தென்னை பட்டுப்போவதில்லை. நல்ல மழை ஓலையைக் கழுவிவிடும். வறட்சியான மாதங்களில்தான் பெருக்கம் அதிகம்.

மருந்து அடிச்சா ஏன் கூடுது?

ஈ இருப்பது உயரத்தில், ஓலையின் அடிப்பக்கத்தில், மெழுகுப் பூச்சுக்குள். கீழே நின்று அடிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆனால் தோப்பில் இருக்கும் இன்னொரு உயிரை அது கண்டிப்பாகக் கொல்லும்.

அதன் பெயர் என்கார்சியா குவாடலூப்பே. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குளவி. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் இது முட்டையிடும். உள்ளே வளரும் குளவிப்புழு அந்தக் குஞ்சைத் தின்றுவிட்டு, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். அதனால் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே கறுத்துப்போன குஞ்சுகளும் வட்ட ஓட்டைகளும் தெரிந்தால், குளவி வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் குளவி அழியும். தப்பிய ஈ எதிரியே இல்லாமல் பெருகும்.

வேர் வழியாக மருந்து கட்டினால் இளநீரிலும் தேங்காயிலும் எச்சம் தங்கும் ஆபத்து உண்டு. அதுவும் வேண்டாம்.

அப்போ என்ன செய்யணும்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைகள்:

• 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள மஞ்சள் பாலித்தீன் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி, 6 அடி உயரத்தில் கட்டலாம். ஏக்கருக்கு 8 போதும்.

• ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம்.

• குளவி இருக்கும் ஓலைத் துண்டுகளை வாங்கி, 10 மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டலாம்.

• பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளை ஏக்கருக்கு 400 என்ற அளவில் விடலாம். இதுவும் ஈயைத் தின்னும் இனம்.

• கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா சேர்த்துக் காய்ச்சிய பசையை ஓலை மேல் தெளிக்கலாம். காய்ந்ததும் கறுப்பும் சேர்ந்து உதிரும்.

வாழையிலும் ஈ இருக்கிறதே என்று வாழையை வெட்டிப் போட வேண்டாம். வாழையிலும் கல்வாழையிலும் இருக்கும் ஈயில்தான் குளவியும் பெருகும். அங்கிருந்து அது தென்னைக்குப் பரவும். தென்னைக்கு நடுவே வாழை போடும் நம்ம பகுதி வழக்கம் இங்கே உதவியாகத்தான் இருக்கிறது.

ஓலை மஞ்சளாகித் தொங்குதா? அது வேற கதை

இங்கேதான் குழப்பம் வரும். கறுப்போ வெள்ளைப் பஞ்சோ இல்லாமல், ஓலை இதழ்கள் விறைப்பு இழந்து விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளைகிறதா? கூடவே மஞ்சளாகி, ஓரம் கருகுகிறதா? அப்படியானால் வேர் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

1880-களில் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டை பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. கேரள எல்லையை ஒட்டிய தென்காசி, கன்னியாகுமரி, தேனி, கோவை மாவட்டங்களிலும் இருக்கிறது. காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. இதைப் பரப்புவது கண்ணாடி இறக்கைப் பூச்சி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகள். (முன்னால் சொன்ன நன்மை செய்யும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று.)

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. 'ஒரே ஊசியில் சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். மரம் உடனே சாகாது. காய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வருடத்துக்கு 10 காய் கூடத் தராத, நோய் முற்றிய மரத்தை மட்டும் அகற்றலாம். மற்ற மரங்களை உரம் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வைக்கலாம். நெட்டை மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுவுரம் 50 கிலோ என்பது பரிந்துரை. ரசாயன உரத்தை ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி என இரண்டாகப் பிரித்துப் போடலாம். வட்டப்பாத்தியில் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி விடலாம்.

புதுக் கன்று வைப்பவர்கள் காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்ப சங்கரா ரகங்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த நோயைத் தாங்கும் தன்மைக்காகவே வெளியிடப்பட்டவை.

ஓலை கத்தரித்த மாதிரி இருந்தால்?

விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டு இருந்தால் அது காண்டாமிருக வண்டு. இதன் பிறப்பிடம் மரத்தில் இல்லை, எருக்குழியில். குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்து, மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து விட்டால் பெருக்கம் குறையும்.

யாரிடம் கேட்பது?

சந்தேகம் இருந்தால் பாதித்த ஓலையின் போட்டோவோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள். வல்லநாடு அருகே கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரியும் இருக்கிறது. முற்றிய மரங்களை அகற்றி மறுநடவு செய்ய, தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஈ வேலி பார்த்து நிற்காது. நீங்கள் குளவியை விட்டு, பக்கத்துத் தோப்புக்காரர் பூச்சிக்கொல்லி அடித்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். அதனால் ஒரு மடை, ஒரு கால்வாய் என்று சேர்ந்து பேசி முடிவெடுப்பதுதான் செலவு குறைந்த வழி.