லப்போர்த்தின் கட்சி



தேர்தல் நெருங்கினால் போதும், ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். இத்தனை மாதா கோயில்களும் கான்வென்டுகளும் உள்ள புதுவையில், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு கட்சி தில்லிக்குப் போட்டியிட்டால் என்ன? 2011 கணக்கெடுப்பின்படி நம் யூனியன் பிரதேசத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். இருப்பதோ ஒரே மக்களவைத் தொகுதி. கணக்கு அங்கேயே முடிந்துபோகிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் ஜெயித்தாலும் செல்லாது என்கிற சட்டம் வேறு இருக்கிறது.

ஆனால் ஏறக்குறைய அப்படியொரு கட்சி இந்த ஊரில் இருந்தது. நாம் பாரீசு நாடாளுமன்றத்துக்கு ஒரு தேபுத்தேயை, அதாவது உறுப்பினரை, அனுப்பிக்கொண்டிருந்த பிரெஞ்சு ஆட்சிக் காலம் அது. கட்சியின் தலைவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் அவர் ஐரோப்பியர்போலச் சப்பாத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். சுதேசிக்கு அது ஆகாது என்று தடுத்தார்கள். பிள்ளை விடவில்லை, வழக்கைப் பாரீசுவரை கொண்டுபோய் ஜெயித்தார். அங்கே அவருக்காக வாதாடிய ழுய்ல் கொதேன் 1876இல் பிரெஞ்சிந்தியாவின் தேபுத்தே ஆகிவிட்டார். வக்கீல் பீசாக ஒரு தொகுதியே கிடைத்தது என்று கிண்டல் செய்யத் தோன்றுகிறது!

1881 செப்டம்பரில் ஓர் அரசாணை வந்தது. விருப்பமுள்ள சுதேசிகள் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். பிள்ளை எழுதிக்கொடுத்து, லப்போர்த் என்ற குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டார். இப்படித் துறந்தவர்களுக்கு ரெனோன்சான்கள் என்று பெயர். அவர் பின்னால் வந்த ரெனோன்சான்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் வந்தார்களா? அதுதான் இல்லை. சாதிக் கிறிஸ்தவர்களில் பலர் ஞானஸ்நானத்துக்குத் தலை குனிந்தார்களே தவிர, சாதியை எழுதிக்கொடுத்து விடுவதற்கு மனம் வரவில்லை. இதன் வேர் பழையது. புதுவையின் சம்பா கோயில் என்ற மாதா கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரித்திருந்த சுவரை இடித்த 1745ஆம் ஆண்டு ரகளையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நூற்று முப்பது வருடம் கழித்தும் சுவர் மனதுக்குள் நின்றது. ஆக, ஒரே கோயிலில் பூசை கண்டவர்களே ஒரே பெட்டியில் ஓட்டுப் போடவில்லை.

மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஐரோப்பியரோடு ஒரே பட்டியலில் இருக்கலாம் என்று நம்பியிருந்தார்கள். 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாக வெட்டப்பட்டது: ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான்கள் ஒன்று, மற்ற சுதேசிகள் ஒன்று. தேபுத்தே தேர்தலிலோ எண்ணிக்கைதான் பேசும். அந்த எண்ணிக்கை இந்துக்களின் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் கையில் இருந்தது.

லப்போர்த் கட்சி தோற்ற கட்சிதான். ஆனாலும் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. சிலுவையைக் காட்டி அது ஓட்டுக் கேட்கவில்லை. சட்டத்தின் முன்னால் வெள்ளைக்காரனுக்கு உள்ளது தனக்கும் வேண்டும் என்று கேட்டது. பிற்பாடு 1951இல் பாரீசுக்குப் போன எதுவார் குபேர் கிறிஸ்தவர்தான்; அவரும் சோஷலிஸ்ட் என்றுதான் நின்றார்.

சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் உள்ளிட்ட நம்மூர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். 2002இல் கத்தோலிக்கக் கொள்கையை வெளிப்படையாகப் பேசி நின்ற கிறிஸ்தீன் புத்தேன் அம்மையாருக்குக் கிடைத்தது மொத்தமாக 1.19 விழுக்காடு. கிறிஸ்தவ நாடு என்று நாம் நினைக்கும் தேசத்திலேயே அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவோ பூட்டனோ எழுதிக்கொடுத்த ரெனோன்சியாசியோன் (வழக்கச் சட்டத்தைத் துறக்கும்) பத்திரம் இருந்தால், மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் குடும்பப் பெயரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கதை தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்