அரசறிவியற் பட்டப்படிப்பு குறித்து எமது மன்றத்தின் நிலைப்பாடு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிப் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம், மாத்தளை நகரிலும், இரத்தோட்டை, உக்குவளை முதலான பகுதிகளின் தோட்டங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் எம்மை நாடி வந்து, கலைப்பீடத்துக்குச் செல்லவிருக்கும் தம் பிள்ளை அரசறிவியலைப் படிக்கலாமா, படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று வினவுகின்றனர். கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் கிடைத்த கூலியிலே ஒரு பிள்ளையைப் பதின்மூன்று ஆண்டுகள் படிக்க வைத்த தாய்க்கு அந்த வினாவைக் கேட்கப் பூரண உரிமை உண்டு. ஆயினும், அரசறிவியல் என்பது கட்சிக்காரரின் விவகாரம், வேறெதற்கும் புள்ளி போதாதவர்கள் ஒதுங்கும் பாடம் என்ற அபிப்பிராயம், வீடுகளில் மட்டுமன்றிப் பாடசாலைகளிலும் பரவி, ஆர்வமும் ஆற்றலும் உள்ள மாணவரையும் பின்வாங்கச் செய்வதை நாம் ஏற்கவில்லை. விருப்பமுள்ள மாணவர் அரசறிவியலைத் தயக்கமின்றித் தெரிவு செய்யலாம். எமது மாவட்டத்துத் தமிழ்ச் சமூகத்துக்கு அப்படிப்பு அத்தியாவசியமானது. ஆனால் பட்டம் ஒன்றே ஜீவனோபாயத்தைத் தந்துவிடாது என்பதையும் அவர்கள் ஆரம்பத்திலேயே அறிந்திருக்க வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு.

அத்தியாவசியம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் எமது சரித்திரத்திலேயே இருக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட எம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைந்த பாதையின் வாயிலாக மாத்தளை இருந்தது. அந்த வருகையின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 இல் இங்கு வந்து முடிந்ததும் அதனாலேயே. அவ்வாறு வந்து, காடழித்துத் தோட்டமாக்கி, தலைமுறைகளாக இம்மண்ணிலேயே பிறந்து மடிந்த மக்களின் பிரஜாவுரிமை பறிபோனது ஒரு போரினாலோ கலவரத்தினாலோ அன்று. பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால். அடுத்த ஆண்டு தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பின்னர் பேசித் தீர்ப்பதற்காக நிறுத்திவைத்தது. அம்மக்களுள் எவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியபோது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. எடுத்ததும் சட்டம், கொடுத்ததும் சட்டம் என்று ஆகிவிட்ட ஒரு சமூகத்தில், சட்டம் எவ்வாறு ஆக்கப்படுகிறது, பெரும்பான்மை எவ்வாறு திரட்டப்படுகிறது, சிறுபான்மையோருக்கு எழுதிவைத்த காப்பு எந்த இடத்தில் உதவாமற் போகிறது என்பவற்றை முறையாகக் கற்றவர்கள் ஒரு சிலரேனும் ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்க வேண்டாமா?

காப்பு உதவாமற் போன கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ், டி. எஸ். சேனாநாயக்காவுக்கு ஆலோசகராக இருந்து, சோல்பரி அரசியல் திட்டத்துக்கு அடிப்படையான வரைவை ஆக்குவதில் பெரும்பங்கு கொண்டவர். அத்திட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று விதித்தது. அப்பிரிவை ஆதாரமாகக் கொண்டு கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தன் பிரஜைகள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பாகவே உரிய அதிகாரம், ஆகவே பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் என்று 1953 இல் தீர்ப்பாயிற்று. அந்தப் பிரிவின் வாசகத்தையும் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தையும் அருகருகே வைத்து ஒரு மாணவி வாசிப்பாளாயின், தன் பாட்டனார் ஏன் நாடற்றவராய் இறந்தார் என்பதை, அழுகையாலன்றி அறிவினால் விளங்கிக்கொள்வாள்.

வாசிப்பதற்கான இடமும் தொலைவில் இல்லை. ஜெனிங்ஸ் கனவு கண்டு கட்டிய பேராதனை வளாகம் கண்டிக்கு அப்பால் ஒரு பஸ் பயணத்தில் இருக்கிறது. அங்கே அரசறிவியலின் முதற் பேராசிரியராக விளங்கிய ஏ. ஜெயரத்தினம் வில்சன், 1972 இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின்னரும் இந்நாட்டு அரசியலையே ஆராய்ந்து நூல்கள் எழுதினார். பின்வந்த பேராசிரியர் அம்பலவாணர் சிவராஜா போன்றோர் இத்துறையைத் தமிழிலும் வளர்த்தனர். யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களிலும் இப்பாடம் உண்டு.

இது பழங்கதைக்கு மட்டும் உதவும் கல்வி என்று எவரும் எண்ணலாகாது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அமைந்த விதத்தினால், தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தும், அச்சபை தோட்ட எல்லைக்குள் ஒரு பாதையைச் செப்பனிடவோ ஒரு விளக்கை ஏற்றவோ தன் நிதியைச் செலவிட முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது. அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கிற்று. தடை நீங்கியது என்பதே இன்னமும் பல லயங்களில் தெரியாது. வாக்குக் கேட்டு வரும் பிரதிநிதியிடம் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி, சபையின் வரவு செலவுத் திட்டத்தில் தம் தோட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பாராயின், அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது எமக்குப் பொருட்டன்று.

இனி உத்தியோகம். பழைய சிவில் சேவைக்குப் பதிலாக 1963 இல் அமைந்த இலங்கை நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை, உயர்தர வகுப்புகளில் அரசறிவியல் கற்பிக்கும் ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு, பத்திரிகை, தேர்தல் மற்றும் மனித உரிமைகள் ஆணைக்குழுக்களின் அலுவலகங்கள், தொழிற்சங்கம், மேலும் படிப்போருக்குச் சட்டமும் ஆராய்ச்சியும் என வழிகள் பல உள்ளன. அவற்றுட் சில இப்பட்டதாரிகளுக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல. நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எத்துறைப் பட்டதாரியும் தோற்றலாம். ஆயினும் பிரதேச செயலகம் ஒன்றில் தோட்டத் தொழிலாளி ஒருவர் காணி உறுதிக்கோ பிறப்புப் பதிவுக்கோ வந்து நிற்கையில், அவருடைய மொழியையும் அவருடைய சரித்திரத்தையும் அறிந்த உத்தியோகத்தர் மேசைக்கு அப்பால் இருப்பது எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை, வெறுங்கையுடன் திரும்பிய அனுபவமுள்ளோர் அறிவர்.

பட்டம் பெற்றபின் அரசாங்கம் அழைக்கும்வரை காத்திருத்தல் என்ற வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. 50,000 பட்டதாரிகளை உள்வாங்குவதாக 2020 இல் அறிவிக்கப்பட்டது போன்ற திட்டங்கள் அரசின் கையிருப்பையும் தேர்தல் காலத்தையும் சார்ந்தவை. அவற்றை நம்பி இளமையின் சிறந்த ஆண்டுகளைக் கழிப்பது துயரம். ஆகவே, முதலாம் ஆண்டிலிருந்தே சிங்களத்தில் எழுதவும் பேசவும் தேர்ச்சி பெறுதல் முதற்கடமை என்று மாணவருக்கு வற்புறுத்துகிறோம். தமிழ் 1987 இல் அரசகரும மொழியாக ஏற்கப்பட்டும் அந்த ஏற்பு அலுவலகங்களில் நடைமுறைக்கு வராமற் போவதற்கு இருமொழியும் வல்ல உத்தியோகத்தர் போதாமையும் ஒரு காரணம். ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் அதற்கடுத்தபடி.

பாடசாலை அதிபர்களிடம் நாம் வேண்டுவது, உயர்தரத்தில் அரசறிவியல் கற்பிக்க அத்துறைப் பட்டதாரிகளையே நியமிக்குமாறு கல்வித் திணைக்களத்தைக் கேட்டு நிற்பதும், குறிப்புகளை மனனஞ் செய்விப்பதோடு அமையாது மாணவரைப் பிரதேச சபைக் கூட்டமொன்றுக்கேனும் அழைத்துச் செல்வதுமாகும். பெற்றோரிடம் வேண்டுவது ஒன்றே: விண்ணப்பத்தில் பாடநெறியை எழுதுமுன் எமக்குச் சொல்லியனுப்புங்கள். இத்துறையில் பட்டம் பெற்று இன்று வெவ்வேறு தொழில்களிலிருக்கும் எமது அங்கத்தவர், நீங்கள் வேலை முடிந்து திரும்பும் மாலைப் பொழுதில் உங்கள் வீட்டுக்கே வந்து, தாம் பெற்றதையும் பெறாததையும் மறைக்காமற் சொல்லச் சித்தமாயிருக்கின்றனர்.