தராசின் இரண்டு தட்டுகள்

அறுபத்து நாலு கலைகளுக்கு மேல் அறுபத்தைந்தாவதாக ஒரு கலை நம் நாட்டில் உண்டு. அதுதான் பேரம் பேசுவது. பட்டணத்துப் பெரிய கடையில் பில்லைக் கண்டு மூச்சுவிடாமல் பணத்தை எண்ணி வைக்கும் கனவான்கள், மலைப்பாதை ஓரத்தில் மிளகு விற்பவரைக் கண்டதும் மகா தர்க்க சாஸ்திரிகளாகி விடுகிறார்கள்!

சேர்வராயன் மலையில், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் கொட்டச்சேடு என்னும் கிராமம் இருக்கிறது. 1820-ஆம் வருஷ வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார். இன்றும் மலையெங்கும் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள்.

இத்தகைய இடத்தில் சிறு கடை நடத்துகிறவரின் வருஷக் கணக்கைச் சற்றே பார்ப்போம். சித்திரை, வைகாசியில் ஜனங்கள் திரண்டு வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையிலோ மழையும் மூடுபனியுந்தான் வாடிக்கைக்காரர்கள். இரண்டு மாத வரும்படி பன்னிரண்டு மாதத்துக்கு அடுப்பெரிக்க வேண்டும். 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் கொள்ளை நோயினால் ஏற்காட்டுக் கோடை விழாவே நடைபெறவில்லை. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. பாதை அடைபட்டால் கீழிருந்து சரக்கும் வராது, ஆளும் வராது. கடன் கொடுத்தவர் மட்டும் தவறாமல் வருவார். வட்டிக்கு மண்சரிவு ஏது?

"காப்பி இங்கேதானே காய்க்கிறது? தூளுக்கு ஏன் இந்த விலை?" என்று சிலர் கோபிக்கிறார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் காப்பியின் விலை உலகச் சந்தையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. 2024-ல் பிரேஸில் தேசத்தில் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிக்கா காப்பி ராத்தல் 4 டாலருக்கு மேல் போயிற்று. எங்கோ வானம் பொய்த்ததற்கு இந்த ஏழைக் கடைக்காரர் எப்படி ஜவாப் சொல்வார்?

வாங்குகிறவருக்கு மட்டும் உபதேசம் செய்வது ஓரவஞ்சனையாகும். மலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் லக்ஷாதிபதிகள் அல்ல. வருஷமெல்லாம் மிச்சம் பிடித்து, குழந்தைகளுக்கு ஒரு முறையாவது மலையைக் காட்ட வேண்டுமென்று வரும் குமாஸ்தாக்கள்தான் அநேகர். விலை ஏறிய காரணத்தைச் சொன்னால் அவர்கள் பொறுப்பார்கள்; மறைத்தால் பொறுக்க மாட்டார்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது, விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைச் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, எதிரே நிற்பவரின் பர்ஸையும் தம்முடையதாக எண்ணிச் செய்தால் சிறப்பு. நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகருக்கு வள்ளுவர் சொல்வதும் அதுவே. வாங்குகிறவருக்கும் அது பொருந்தாதா, என்ன?

ஆகவே, நேயர்களே! அடுத்த முறை மலை ஏறும்போது விலையைக் கேளுங்கள்; கட்டாவிட்டால் வணக்கம் சொல்லி நகருங்கள். சரக்கில் குறையிருந்தால் ஊரெல்லாம் பறைசாற்றுமுன் கடைக்காரரிடமே சொல்லிப் பாருங்கள். முடிந்தால், கூட்டமில்லாத மழைக்காலத்தில் ஒரு தடவை போய் வாருங்கள். அந்த நாளில் வாங்கும் கால் கிலோ மிளகு அவருக்குக் கோடையில் விற்கும் ஐந்து கிலோவுக்குச் சமானம்.