கை கழுவத் தண்ணீர் எங்கே?

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற நம் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் சுகாதார விழிப்புணர்வு என்று நம் தெருவுக்கு வருகிறவர்கள் பலர், நமக்குச் சுத்தம் தெரியாது என்ற நினைப்போடுதான் பேசிவிட்டுப் போகிறார்கள். வேலை செய்கிற வயலில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

மதியம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கும்போது, கை கழுவக் கிடைப்பது வாய்க்கால் தண்ணீர். மேல் வயலில் காலையில் மருந்து அடித்திருந்தால் அதுவும் அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும். பம்புசெட்டுத் தொட்டி பக்கத்திலேயே இருந்தாலும், நம் ஆட்கள் அதில் கை வைக்கக் கூடாது என்கிற நிலக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடிக்கக் கேட்டால் தனிக் குவளை, இல்லாவிட்டால் கையில் தூக்கி ஊற்றுவது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு சொல்லி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தண்ணீரையும் மறுத்துவிட்டு, சுத்தம் இல்லை என்று ஏசுவது என்ன நியாயம்?

மருந்து டப்பாவின் கதையும் இதுதான். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்தைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்கின்றன. காலி டப்பாவை வெளியே போட்டுவைக்காமல், உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நடப்பது வேறு. வெறும் கையால் மருந்து கலக்கிறோம். வரப்பில் கிடக்கும் டப்பாவைக் கழுவித் தண்ணீர் கொண்டுபோகிறோம். எத்தனை முறை கழுவினாலும் அதில் நஞ்சு தங்கும்.

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்று எழுதிவைத்தது. தனியார் வயலில் வேலை செய்பவருக்கு மட்டும் தாகம் எடுக்காதா?

இனிக் கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுவோம். ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு சோப்பு, எந்த வயலில் என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்ற தகவல். இது நிலக்காரர் போடும் பிச்சை அல்ல, நம் உழைப்புக்கு உரியது. விழிப்புணர்வுக் கூட்டத்தை நிலக்காரர் தெருவிலும் நடத்தச் சொல்லி கிராமசபையில் கேட்போம்.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. மருந்து அடித்த துணியோடும் கையோடும் சோற்றைத் தொட வேண்டாம், பீடி பற்ற வைக்க வேண்டாம். மருந்து டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. மருந்து டப்பாவின் மேல் சாய்சதுரக் குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சுதான். இதை உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்று இரவே சொல்லிக் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.